பதினொன்றாம் நம்பர் காரின் இடது கதவு

வேலையில் இருந்த காலமெல்லாம் நான் ஓட்டியது டம்பர். சுரங்கங்களில் கல்லும் மண்ணும் அள்ளிப் போகிற ராட்சத வண்டி. எங்கள் தொழிற்சாலையில் ஒரு வண்டியைச் செய்து முடித்ததும் அதை முதலில் ஓட்டிப் பார்த்து, சரி, வெளியே அனுப்பலாம் என்று சொல்கிற வேலை எனக்கு. ஏறி உட்காரவே ஏணி வேண்டும். பெண் பார்க்கப் போனபோது என் மாமா இதைப் பெருமையாகச் சொன்னார். வேகத்தைப் பற்றி மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. சோதனைப் பாதையில் நான் போய்க்கொண்டிருக்கும்போது, ஓரமாக மேய்கிற ஆடு என்னை முந்திப் போய் நின்று திரும்பிப் பார்க்கும்.

அதனால்தானோ என்னவோ, வேகத்தின்மேல் எனக்குத் தீராத ஆசை. ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போகிறார்கள், மகள் வீட்டுக்குப் போகிறார்கள், டாக்டர் சொன்னார் என்று விடிந்ததும் நடக்கப் போகிறார்கள். நான் ரேஸ் கார் வாங்கப் போனேன்.

ரேஸ் கார் என்றதும் தரையோடு தரையாகப் படுத்திருக்கிற ஒற்றைச் சீட்டு வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது நாலு கதவு கார். வீதியில் ஓடுகிற சாதாரணக் காரையே பந்தயத்துக்கென்று முடுக்கி ஓட்டுகிற பிரிவு ஒன்று உண்டு. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் அப்படிப் பல பந்தயங்கள் ஓடிய கார் இது. ஜெயித்திருக்கிறது, தோற்றிருக்கிறது, வைக்கோல் கட்டுக்குள் போய்ச் சொருகியும் இருக்கிறது. பிறகு பல வருஷம் ஒரு ஷெட்டில் கோழிகளுக்கு வீடாக இருந்தது. கடைசியில் அதன் சொந்தக்காரர்களே மனசு வைத்து, ஒவ்வொரு பாகமாகப் பிரித்து, தரைக்குப் புதுத் தகடு அடித்து, எஞ்சினைத் திறந்து சரிசெய்து, பழைய சிவப்பிலேயே பெயின்ட் அடித்து எழுப்பி நிறுத்தியிருந்தார்கள். விஷயம் தெரியாதவர்கள் பார்த்தால் பழைய டாக்ஸி என்பார்கள். கதவில் வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பில் பதினொன்று என்று எழுதியிருப்பதுதான் வித்தியாசம்.

பெங்களூரில் பழைய கார்களை நிறுத்திக் காட்டிய ஒரு மைதானத்தில்தான் அதைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு அம்மா குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எழுபதைத் தாண்டியவர். பருத்திப் புடவை, கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று அட்டை செருகியிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் ஓட்டின வண்டிங்களாம்மா?" என்று கேட்டேன்.

"அவர் ஓட்டினது வேற வண்டி. இதை ஓட்டினது நான்" என்றார்.

அதற்கப்புறம் நான் வாயைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டேன். வண்டியைச் சுற்றி வந்தேன், குனிந்தேன், படுத்தும் பார்த்தேன். பிரேக்கைப் பற்றி மட்டும் ரெண்டு கேள்வி கேட்டேன். அவர் என்னையே கவனித்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க என்ன ஓட்டினீங்க, தம்பி?" என்றார். டம்பர் என்றேன். சிரித்தார். "காலையிலேருந்து வந்தவங்க எல்லாம் இது எவ்வளவு வேகம் போகும்னு கேட்டாங்க. நிக்குமான்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

விலை பேசி முடிந்தது. அதோடு முடிந்தது என்று பார்த்தால், அந்தம்மா ஒரு நிபந்தனை போட்டார். "வண்டியை இப்பவே எடுத்துட்டுப் போங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உங்க ஊருக்கு வருவேன். இது எங்க நிக்குது, யார் பார்த்துக்கறாங்கன்னு பார்ப்பேன். மனசுக்குப் பிடிச்சா கையெழுத்துப் போடுவேன். பிடிக்கலைன்னா வந்த லாரியிலேயே திரும்பி வந்துடணும்." பெண் கொடுக்கிறவர்கள்கூட இவ்வளவு கெடுபிடி செய்வதில்லை.

லாரியில் ஏற்றும்போது இன்னொன்றும் சொன்னார். "இடது கதவுல பள்ளம் இருக்கு பாருங்க. அதுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது." உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். நம்பரின் இரண்டாவது ஒன்று அதில் மாட்டி இடுப்பு ஒடிந்து நின்றது. பந்தயத்தில் பட்ட அடி, பெருமைக்காக விட்டுவைத்திருக்கிறார் என்று நினைத்துத் தலையை ஆட்டினேன்.

தங்கவயலில் எங்கள் வீடு ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியை ஒட்டிய தெருவில். லாரியிலிருந்து கார் இறங்கிய அன்று தெருவே கூடிவிட்டது. எஞ்சினைப் போட்டதும் எதிர்வீட்டுப் பென்ஷன்காரர் பனியனோடு வெளியே ஓடி வந்து, கதவில் இருந்த நம்பரைப் பார்த்தார். "பதினொன்னாம் நம்பரா? அப்ப நடந்துதான் போவணும்னு சொல்லு" என்றார். ரெண்டு காலையும் பதினொன்றாம் நம்பர் பஸ் என்கிற ஊரில் இந்தக் கேலி வராவிட்டால்தான் ஆச்சரியம்.

என் மனைவி சாம்பியன் ரீப்ஸ் சுரங்கப் பக்கத்துக்காரி. அவள் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். அவள் காருக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

"பின்னாடி சீட்டு எங்க?"

"ரேஸ் காருக்குப் பின்சீட்டு கிடையாது."

"இது இன்னா, உள்ள சுத்திலும் கம்பி?"

"அதுக்குப் பேரு கேஜ். வண்டி உருண்டாலும் உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

எங்கள் ஊரில் கேஜ் என்றால் ஆளைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டு. "எங்கப்பா கேஜ்ல ஏறினதுக்குக் கம்பெனி சம்பளம் குடுத்துச்சு. நீங்க காசு குடுத்து ஏறிக்கினு கீறீங்க" என்றாள். ஒரு ரவுண்டு வருகிறாயா என்று கேட்டேன். "அந்தம்மா கையெழுத்துப் போடட்டும். அடுத்தவங்க வண்டில நான் இன்னாத்துக்கு ஏறணும்?" என்று உள்ளே போய்விட்டாள்.

இங்கே என் சிநேகிதர்கள் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவரும் என்னோடு அதே தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் தகடு தட்டுகிறவர். வளைந்ததை நிமிர்த்தி, நசுங்கியதை எடுத்தே காலம் கழித்தவர். டீக்கடையில் டம்ளர் நெளிந்திருந்தால் டீயைக் குடித்த கையோடு கட்டைவிரலால் அழுத்திச் சரிசெய்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். இன்னொருவர் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவர். கேட்டைத் தாண்டி வெளியே போகிற வண்டியில் ஒரு கீறல் இருந்தாலும் சாக்கட்டியால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறவர். இன்றைக்கும் கல்யாண மண்டப வாசலில் நிற்கிற கார்களைத் தலையைச் சாய்த்து, வெளிச்சம் எங்கே உடைகிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். மாப்பிள்ளை ஊர்வலம் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்ததும் உண்டு.

அந்தம்மா வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், கார்புரேட்டருக்கு ஒரு வாஷர் வாங்கக் காலை ரயிலில் பெங்களூர் போனேன். போகும்போது இருவரிடமும், "வண்டியைக் கொஞ்சம் கழுவித் தொடைச்சு வைங்கப்பா. நாளைக்குப் பார்ட்டி வந்து பார்க்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். இதில் என்ன தப்பு இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பார்ட்டி வந்து பார்க்கப் போகிற வண்டியில் பள்ளம் இருப்பதைச் சகித்துக்கொள்கிற ஆட்கள் இல்லை இவர்கள். அதுவும் ரேஸ் காரின் கதவுக்கு உள்பக்கம் அட்டை, மெத்தை எதுவும் கிடையாது, வெறும் தகடு. வா வா என்று கூப்பிட்டிருக்கும்.

சாயங்காலம் நான் திரும்பியபோது இருவரும் காருக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். கார் பளபளவென்று இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இடது பக்கம் வரும்வரைக்கும்.

இரண்டாவது ஒன்று நிமிர்ந்து நின்றது.

"எப்படி?" என்றார் தகட்டுக்காரர். "எங்க இருந்துச்சுன்னு காட்டு பார்ப்போம்."

"நான் தடவிப் பார்த்தேன்பா, எனக்கே தெரியல" என்றார் இன்ஸ்பெக்ஷன்காரர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வந்து நான் கேட்டதே இல்லை. பெயின்ட் கொஞ்சம் பெயர்ந்ததாம். கடைவீதிக்குப் போய், வெயிலில் வைத்துப் பார்த்துப் பார்த்து அதே சிவப்பைக் கலந்து வாங்கி வந்து அடித்திருக்கிறார்கள். நம்பரையும் அட்டை வெட்டித் திருத்தி எழுதியிருக்கிறார்கள். என் மனைவி இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்து, வடையும் கொடுத்திருக்கிறாள். "நீங்க சொல்லித்தான் செய்யறாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

நான் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தம்மா சொன்ன வார்த்தையைச் சொன்னேன். இருவர் முகமும் செத்துப்போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. என் ஆயுசுக்கு ஒரே ஒரு ஆசைப்பட்டேன். அது நாளைக்கு லாரி ஏறிப் போகப்போகிறது.

தகட்டுக்காரர் மெல்ல, "மறுபடி போட்டுட்டா?" என்றார்.

நான் காரை வாங்கிய அன்று செல்போனில் எடுத்த போட்டோ இருந்தது. மூன்று பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டு பார்த்தோம். "இதுல ஆழம் எப்படித் தெரியும்? டிராயிங் இல்லாம வேலையில கை வைக்கக் கூடாது" என்றார் இன்ஸ்பெக்ஷன்காரர். போட்டோவைப் பெரிதாக்கி, நம்பரின் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, காலண்டர் அட்டையில் பள்ளத்தின் வளைவை வெட்டினார். ஓரத்தில் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்றுகூட எழுதினார். ஒரு நசுங்கலுக்கு இவ்வளவு மரியாதை வேறு எந்த ஊரிலும் கிடைத்திருக்காது.

தகட்டுக்காரர் மரச்சுத்தியலை ஓங்கினார். இறக்கினார். மறுபடி ஓங்கினார். "முடியலபா. கை வர மாட்டேங்குது" என்றார். எடுத்தே பழகிய கை, நன்றாக இருக்கிற தகட்டில் ஒரு அடி போட மறுத்துவிட்டது. சரி, வேறு எதிலாவது பழகிக்கொள்ளட்டும் என்று என் வீட்டுத் தகரத் தண்ணீர் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தோம். முதல் அடி ஆழம் போதவில்லை. இரண்டாவது அடி அகலம் ஜாஸ்தி. மூன்றாவது அட்டைக்குச் சரியாகப் பொருந்தியது. நாங்கள் மூவரும் வேலையில் சேர்ந்த புதிதில் சிரித்தமாதிரி சிரித்தோம். அந்தச் சத்தத்துக்கு என் மனைவி வெளியே வந்தாள்.

டிரம்மைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"அறுபது தாண்டின மூணு ஆம்பளைங்க. பொய்யா ஒரு பள்ளம் போட்டு வயசானவங்கள ஏமாத்தறதுக்கு டிராயிங் போட்டுக்கினு கீறீங்க. வெக்கமா இல்ல?" என்றாள். "வண்டி போனாப் போவட்டும். நாளைக்கு வந்தவுடனே நடந்தத சொல்லிடுங்க."

போகும் முன் தகட்டுக்காரர் டிரம்மின் மூன்று பள்ளத்தையும் எடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா வாடகைக் காரில் வந்து இறங்கினார். வந்தவுடனே சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவர் இறங்கியதும் நான் சொன்னது, "வாங்கம்மா, வழியில மழையா?" வானத்தில் ஒரு மேகம் இல்லை. அவர் ஷெட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், எண்ணெய் சொட்டாமல் நான் கீழே விரித்திருந்த பழைய மெத்தை உறையைப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். என் சிநேகிதர்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றிவிட்ட பிள்ளைகளைப் போல மூலையில் நின்றார்கள். என் மனைவி காபித் தட்டோடு வந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தம்மா பேசிக்கொண்டே இடது பக்கம் போனார். கதவைப் பார்க்கவே இல்லை. கை மட்டும் தானாக அந்த இடத்துக்குப் போயிற்று. போன கை நின்றது. கொஞ்சம் மேலே தேடியது, கொஞ்சம் கீழே தேடியது. அப்புறம்தான் குனிந்து பார்த்தார்.

"அம்மா," என்று ஆரம்பித்து, கழுவச் சொன்னதிலிருந்து டிரம் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாதியில் தகட்டுக்காரர் முன்னால் வந்து, "இவர் ஊர்ல இல்லீங்கம்மா. நான்தான் செஞ்சேன். பள்ளத்தப் பார்த்தா விட முடியல" என்றார்.

அவர் கதவில் கை வைத்தபடியே நின்றார். கார் ஏற்கெனவே லாரியில் நிற்பது போல் எனக்குத் தோன்றியது.

"இது எங்க வீட்டுக்காரர் போட்ட பள்ளம்" என்றார் கடைசியில். "அப்ப அவர் யாருன்னே எனக்குத் தெரியாது. கடைசி வளைவுல நான் முன்னாடி போறேன். உள்பக்கமா நுழையப் பார்த்து இந்தக் கதவுல வந்து இடிச்சார். ரெண்டு பேரும் வைக்கோல்ல போய் விழுந்தோம். மூணாவதா வந்தவன் ஜெயிச்சுட்டுப் போனான். இவர் ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம ஓடி வந்து, பள்ளத்தை நானே எடுத்துத் தரேன், நானே எடுத்துத் தரேன்னு சொன்னார். அதைச் சொல்லிக்கிட்டேதான் எங்க வீட்டுக்கு வந்து போக ஆரம்பிச்சார்."

என் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் எடுத்துடறேன்னுதான் சொல்லிட்டிருந்தார். நான் விடலை. வீட்டுல எந்தச் சண்டை வந்தாலும், போய்க் கதவைப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்வேன். அதோட அவர் வாய் மூடிடும். வண்டியைப் புதுசு பண்ணினப்பவும் கெஞ்சினார். இதை மட்டும் தொடக்கூடாதுன்னு மெக்கானிக்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டு வந்தேன். போன வருஷம் அவர் போயிட்டார்." அவர் தகட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "எத்தனை வருஷமா நான் விடாததை, மேல போன உடனே உங்களை அனுப்பி முடிச்சுக்கிட்டார் பாருங்க. கடைசியில ஜெயிச்சுட்டார் மனுஷன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, துடைக்கவில்லை. தகட்டுக்காரர்தான் தோளில் இருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "நல்லா செஞ்சிருக்கீங்க" என்று அவரிடம் சொன்னார் அந்தம்மா. "சண்டை போட ஆள் இல்லாதப்ப நான் அதை வச்சுக்கிட்டு யார்கிட்ட காட்டறது?" பிறகு என்னிடம் கையை நீட்டினார். "சாவியைக் குடுங்க தம்பி."

அவர் ஓட்டினார். நான் பக்கத்தில், பெல்ட்டால் இறுக்கிக் கட்டப்பட்டு. கடைவீதியைத் தாண்டும் வரைக்கும் சாதுவாகப் போனார். சயனைட் மேடு வந்தது. தங்கம் எடுத்தபின் கொட்டிய மண், எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதுதான் மலை. அதன் ஓரமாகப் போகிற காலி ரோட்டில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு மிதி மிதித்தார். எஞ்சின் போட்ட சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஓரத்தில் ஒரு ஆடு நின்றிருந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆட்டை முந்தினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் வளைவு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, என் மனைவி கொடுத்த ஆறின காபியைக் குடித்துவிட்டு, காரின் பானட்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது அந்தக் கதவை இன்னொரு முறை தடவினார். வாடகைக் காரின் கதவைச் சாத்தும் முன் என் மனைவியிடம், "இவர் டம்பர் ஓட்டின ஆளு. வளைவுல ஜாக்கிரதை" என்றார்.

கார் எங்களுடையதாகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஷெட்டுக்குள் ரிவர்ஸில் விடப்போனேன். என் மனைவி பின்னால் நின்று கையை ஆட்டி, "வாங்க, வாங்க, இன்னும் வாங்க" என்றாள். நான் வந்தேன். அவள் "வாங்க" என்றது நேராக வரச் சொல்லி. நான் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டு வந்தேன். கேட் தூணில் இடது பக்கம் போய் டங்கென்று மோதிற்று.

இறங்கிப் பார்த்தோம். பின்கதவில், கொய்யாப்பழம் வைக்கிற அளவுக்கு ஒரு பள்ளம்.

"நீதான வாங்கன்னு சொன்ன?" என்றேன்.

"வாங்கன்னு சொன்னேன். திருப்புங்கன்னு யார் சொன்னது?"

இன்ஸ்பெக்ஷன்காரர் தலையைச் சாய்த்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தகட்டுக்காரருக்கு அதுவரை இருந்த துக்கமெல்லாம் போய் முகம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு, "அஞ்சு நிமிஷம், தெரியாமப் பண்ணிடறேன்" என்று குனிந்தார்.

என் மனைவி கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"யாரும் கை வைக்கக் கூடாது. இது எனக்கு வேணும்."

அன்று சாயங்காலம் அவள் முதல்முறையாக அந்தக் காரில் ஏறி உட்கார்ந்தாள். பூதிகோட்டை வரைக்கும் போய் வந்தோம். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பால் திரிந்த பேச்சாக இருந்தாலும் சரி, மகளுக்குப் போன் செய்ய மறந்த பேச்சாக இருந்தாலும் சரி, போய்க் கதவைப் பாருங்க என்பதில்தான் முடிகிறது. நானும் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லாத நாளில்லை. தினமும் காலையில் கோலம் போட வரும்போது அவள் அந்தப் பள்ளத்தை முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டுப் போகிறாள். சண்டை இல்லாத நாட்களிலும் துடைக்கிறாள்.